பருப்பு மத்தும் பார் மத்தும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் கடைசல் பட்டறைக்கு இப்போது வரும் வேலையில் பெரும்பங்கு பாருக்கான சாமான்கள். ஒயின் புட்டியின் தக்கையைத் திருகி எடுக்கும் கார்க் ஸ்க்ரூவுக்குப் பிடி, பீர் ஓப்பனருக்குப் பிடி, ஐஸ் குத்தூசிக்குப் பிடி, பீர் குழாயைத் திறந்து மூடும் நெம்புகோலுக்குப் பிடி. இவற்றோடு, கிளாஸுக்குள் எலுமிச்சைத் துண்டையும் புதினாவையும் நசுக்கும் மட்லர். இதே இடத்தில் என் பெரியப்பா கடைந்தவை வேறு. பருப்பு மத்து, மோர் மத்து, பூரிக்கட்டை, பம்பரம், கட்டில் கால், உளிப்பிடி, அரிவாள் பிடி, நெசவாளர் வீடுகளுக்கு ராட்டைப் பிடி, சர்க்கார் ஆபீஸ்களுக்கு முத்திரைப் பிடி.

பெரியப்பா இன்று இருந்திருந்தால் பார் சாமான்களில் மட்லரை மட்டும் கையில் எடுத்து, “இது மத்துதானேடா” என்றிருப்பார். மத்துதான். பருப்பு மத்தின் காம்பைத் தடிப்பாக்கி, நீளத்தை ஒரு சாணுக்குக் குறுக்கி, தலையின் கீற்றுகளைத் தணித்துவிட்டால் மட்லர் வந்துவிடும். குக்கரும் மிக்ஸியும் வந்த பிறகு எங்கள் தெருவில் யாரும் மத்து கேட்டு வருவதில்லை. அடுக்களையை விட்டுப் போன அந்தக் கருவி இன்று கடற்கரைச் சாலைப் பக்கத்து பார்களில் இரவெல்லாம் உழைக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷமே. மரமும் உளியும் வேலையற்றுக் கிடப்பதைவிட எந்த மேசையிலாவது பயன்படுவது நல்லது. ஆனால் பருப்பு மத்தைக் கடைந்தவர்களுக்கு இயல்பாகத் தெரிந்திருந்த ஒன்று, பார் மத்தை விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியப்பா காலத்தில் எங்களிடம் மோட்டார் கிடையாது. தரையோடு பதித்த இரண்டு கட்டைகளில் எதிரெதிராக இரும்பு முனைகள் இருக்கும். மரத்துண்டை நடுவில் மாட்டி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, எதிரில் உட்கார்ந்திருப்பவன் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பான். அந்த வேலையைச் சிறுவயதில் நான் செய்தேன். ஒரு இழுப்புக்கு மரம் உளியை நோக்கிச் சுழலும், மறு இழுப்புக்கு விலகிச் சுழலும். நோக்கி வரும்போது மட்டும்தான் உளி வெட்டும். விலகும்போது உளியை மயிரிழை அளவு பின்வாங்கிக்கொள்ள வேண்டும். பெரியப்பா வலக்கால் விரல்களால் உளித் தண்டை அணைத்துப் பிடித்துக்கொள்வார். வெட்டும் ஒலியை வைத்தே மரத்தில் கணு எங்கே வருகிறது என்று சொல்லிவிடுவார்.

இன்று என்னிடம் இருப்பது அரைக் குதிரைத்திறன் மோட்டார், நிமிடத்துக்கு 1,440 சுற்று. படிப்படியாக அமைந்த புல்லியில் பெல்ட்டை மாற்றிப் போட்டு வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறேன். பெரியப்பா அரை நாள் செலவழித்த வேலை எனக்கு அரை மணிக்குள் முடிகிறது. அந்த லாபத்தை மறுக்க மாட்டேன். கயிற்று லேத்தை யாரும் மறுபடி கொண்டுவர வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். இழுத்த பையனின் தோள்வலி எனக்குத் தெரியும். ஆனால் கயிற்று லேத்தில் ஒவ்வொரு இழுப்புக்கும் மரம் ஒரு கணம் நின்று திரும்பும். அந்தக் கணத்தில் உருவம் கண்ணுக்குத் தெரியும், விரலுக்குக் கிடைக்கும். மோட்டார் லேத்தில் சுழலும் மரத்தின் ஓரம் நிழலாக மட்டுமே தெரிகிறது. நிறுத்தினால்தான் உண்மை வடிவம். அவசரக்காரன் நிறுத்துவதில்லை. நிழலைப் பார்த்தே கடைந்து, நிழலைப் பார்த்தே உப்புத்தாள் போட்டு, பாலிஷும் அடித்து இறக்கிவிடுகிறான். கண்ணுக்கு அழகாக இருக்கும். பிடித்தால்தான் தெரியும்.

பெரியப்பாவிடம் பிடி கேட்டு வருபவர்களை அவர் முதலில் கேட்பது, “கையக் காட்டுப்பா.” காய்ப்புக் காய்த்த தச்சன் கைக்கு ஒரு பருமன், அரிவாள் பிடிக்கும் பெண்ணின் கைக்கு ஒரு பருமன். உள்ளங்கைக் குழியில் உட்காரும் வீக்கம் எங்கே வர வேண்டும், சுண்டுவிரல் வழுக்காமல் தடுக்கும் மேடு எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்துவிட்டுத்தான் மரத்தை மாட்டுவார். அதற்குப் பிறகே அலங்காரம். மணி, பள்ளம், கோடு என்று அவர் வைக்கும் ஒவ்வொன்றும் விரல் படாத இடமாகப் பார்த்து உட்காரும், அல்லது விரலுக்கு உதவும் இடத்தில் உட்காரும். முத்திரைப் பிடியின் தலை உருண்டைகூட உள்ளங்கையால் அமுக்குவதற்காக அந்த வடிவம் பெற்றது. மேசைமேல் அழகாக நின்றது அதன் கூடுதல் பயன்.

இந்த ஊரில் கடைசல் வேலைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பிரெஞ்சுத் தெருக்களின் மாடிக் கைப்பிடிகளிலும் படிக்கட்டுக் கம்பங்களிலும், சாய்வு நாற்காலிகளிலும், நான்கு காலிலும் தூண் நிற்கும் கட்டில்களிலும் அது பரவிக் கிடக்கிறது. ஊரைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே தமிழ் வீடுகளின் திண்ணைகளிலும் தாழ்வாரங்களிலும் மரத்தூண்கள். அங்குள்ள வைசியால் வீதியை, பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு புதுப்பித்து 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தபோது, ஊரே அந்தத் தூண்களைப் புதிதாகப் பார்த்தது. அவற்றில் எதையும் கடைந்தவன் பெயர் எங்கும் இல்லை.

பார் சாமான் மட்டும் பெரியப்பா காலத்தில் அரிது. குடி குறைவாக இருந்ததால் வந்த அருமை இல்லை அது. 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது, பிரெஞ்சுப் புதுச்சேரியில் வரவில்லை. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் மாறிய பிறகும் அந்த வேறுபாடு நீடித்தது. 1971-ல் தமிழ்நாடு மதுவிலக்கைத் தளர்த்தும் வரை கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் இங்கே வந்து குடித்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். ஆனால் சாராயக்கடைக்கும் கள்ளுக்கடைக்கும் கருவி எதற்கு? கிளாஸும் சுண்டலும் போதும். பீர் புட்டியின் மூடியை மேசை விளிம்பில் தட்டித் திறந்துவிடுவார்கள். தக்கை போட்ட ஒயின் திறக்கப்பட்டது பிரெஞ்சு வீடுகளில், சில கிறிஸ்தவக் குடும்பங்களில், அப்புறம் சொல்தா வீடுகளில்.

சொல்தாக்கள் என்று நாங்கள் சொல்வது பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்பிய நம்மவர்களை. இந்தோசீனாவையும் அல்ஜீரியாவையும் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஜூலை 14 அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு நடந்து போவார்கள். அவர்களுடைய பெட்டிகளில் கார்க் ஸ்க்ரூ இருக்கும். சிலவற்றின் பிடி திராட்சைக் கொடியின் முண்டுமுடிச்சான அடிக்கட்டை, அப்படியே வைத்துத் துளைபோட்டது. நம் ஊர்க் கடற்காற்றில் ஊதி, கத்திரி வெயிலில் சுருங்கி, அந்தப் பிடி இரண்டாகப் பிளந்தால் பெரியப்பாவிடம் வரும். அவர் வாழ்நாளில் ஒயின் குடித்தவரில்லை. ஆனால் கார்க் ஸ்க்ரூப் பிடி செய்வதில் எது கடினம் என்று அந்தப் பிளவுகளைப் பார்த்தே கண்டுபிடித்தார்.

ஓப்பனர், குத்தூசி, உளி மூன்றுக்கும் இரும்பின் வால் மர ரேகையின் போக்கிலேயே பிடிக்குள் இறங்குகிறது. வாயில் ஒரு பித்தளைப் பூண் போட்டுவிட்டால் வெடிக்காது. கார்க் ஸ்க்ரூவில் பிடி குறுக்கே படுத்திருக்கிறது, கம்பி ரேகையை வெட்டிக்கொண்டு நடுவில் நுழைகிறது. தக்கை இறுகி நிற்கும்போது ஆள் முழு பலத்தோடு மேலே இழுக்க, அத்தனை பாரமும் அந்த ஒரு துளையில் விழும். அதனால் துளையை முதலில் போட வேண்டும், மரம் சதுரக் கட்டையாக, சமமாக மேசையில் உட்காரும் நிலையிலேயே. உருட்டிய பிறகு துளை போட்டால் கோணும். துளைக்கு இருபுறமும் மரத்தைக் கனமாக விட்டு, அதை அடுத்து நடுவிரலும் மோதிரவிரலும் கொக்கிபோல் மாட்ட இரண்டு பள்ளம். நுனிகளில்தான் அலங்கார மணி. கம்பியின் தலையை மேலே ஒரு பித்தளை வாஷர் போட்டு அடித்து மடக்கிவிடுவார் பெரியப்பா. சாமுவேல் ஹென்ஷால் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1795-ல் கார்க் ஸ்க்ரூவுக்கு வாங்கிய காப்புரிமையில் கம்பியின் மேல் ஒரு வட்டத் தட்டு உண்டு. தக்கையைத் தொட்டதும் அது திருகை நிறுத்தித் தக்கையையும் சேர்த்துச் சுழற்றும். பெரியப்பாவுக்கு அந்தப் பாதிரியாரைத் தெரியாது. ஒரு சொல்தாவின் கார்க் ஸ்க்ரூவில் அந்தத் தட்டைப் பார்த்து, “தக்கையச் சுத்தவிட்டா ஒட்டு விட்டுப்போகும், அதுக்குத்தான்” என்று எனக்கு விளக்கினார். சரியாகவே விளக்கினார்.

பாலிஷ் விஷயத்தில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் வழி அடியோடு பிரிகிறது. நம் கடைசல்காரனின் பெருமை அரக்கு. கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் அம்பாசமுத்திரத்திலும் மரம் சுழலும்போதே வண்ண அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். சென்னபட்டணத்தில் தாழை மடலால் தேய்த்து மினுக்கம் ஏற்றுவார்கள். சொப்புச் சாமானின் அந்தப் பளபளப்பு வேறெதற்கும் வராது. புதுச்சேரித் தச்சர்கள் நல்ல மேசை நாற்காலிகளுக்குப் போடும் பிரெஞ்சு பாலிஷும் அதே அரக்குதான், ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் பூசுவது. ஸ்பிரிட்டில் கரைவது சரக்கிலும் கரையும். பார் மேசையில் நனைந்த கையோடு புழங்கும் பிடிக்கு அரக்கு போட்டால் முதலில் தண்ணீர் பட்டு வெள்ளை பூக்கும், பிறகு ஜின்னோ ரம்மோ பட்டுப் பிசுபிசுக்கும். இந்த ஊரின் மிக அழகான பாலிஷை இந்த ஊரின் மிகப் பெரிய வியாபாரத்தில் பயன்படுத்த முடியாது. சொல்தா வீட்டில் வருஷத்துக்கு நாலு புட்டி திறந்த கார்க் ஸ்க்ரூவுக்கு அரக்கு தாங்கியது. ராத்திரிக்கு நூறு கிளாஸ் கலக்கும் இடத்தில் தாங்காது.

சரி, வேறு என்ன? ஓப்பனர், குழாய்ப் பிடி போன்றவற்றுக்கு பாலியூரித்தேன் போடலாம், வாயில் போகாது. மட்லருக்கு வார்னிஷ் போல எதையும் பூசக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வார்னிஷ் அடித்து மின்னும் மட்லர்கள் கடைகளில் தொங்குகின்றன. கிளாஸின் அடியில் ஐஸோடும் எலுமிச்சைப் புளிப்போடும் இடிபடும் தலையில் பூசிய வார்னிஷ் எங்கே போகும்? குடிப்பவர் வயிற்றுக்குத்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினில் ஊறவைத்து, தேன்மெழுகு தேய்த்தால் போதும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம், நாளானால் சிக்குவாடை அடிக்கும். தேய்ப்பதற்கு முன் 120-ல் தொடங்கி 400 வரை உப்புத்தாள் போட்டு, கடைசியில் அந்த மரத்தின் சீவலையே ஒரு கைப்பிடி அள்ளிச் சுழலும் மரத்தின்மேல் அழுத்தினால் தானாக ஒரு மெருகு வரும். பெரியப்பா மத்துக்குச் செய்தது இதைத்தான். பருப்பில் போகிற சாமானுக்கு அவர் ஒருநாளும் அரக்கு போட்டதில்லை.

மரம் தேர்வதிலும் மத்துக்காரனுக்குத் தெரிந்தது மட்லருக்குப் பொருந்துகிறது. வேம்பு கசக்கும். தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கும் வாசமும் உண்டு. நான் புளியமரத்துக்குப் போகிறேன். கறிக்கடைக்காரர் கத்தியால் நாள் முழுக்க வெட்டுவதற்கு வைத்திருக்கும் அடிக்கட்டை எதுவென்று பார்த்தால் காரணம் புரியும். நெருக்கமான ரேகை, இடியைத் தாங்கும் உரம். வெளிவெண்மரத்தை வண்டு துளைக்கும் என்பதால் கறுஞ்சிவப்பு வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும், அது ஒரு மரத்தில் கொஞ்சம்தான் கிடைக்கும். அலங்காரப் பிடிகளுக்குப் பூவரசின் சாக்லேட் நிற வைரம் எனக்கு மிகவும் பிடிக்கும். நுணாவின் மஞ்சளும் அழகு. ஈட்டி மரத்தைக் கேட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பழைய கட்டிலின் உடைந்த காலிலிருந்து கிடைத்தால் தவிர ஈட்டியை நான் தொடுவதில்லை.

என்னிடம் இருக்கும் நல்ல மரங்களில் பல தானே புயலில் விழுந்தவை. 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அது கரையைக் கடந்தது. அன்று இந்த ஊர் மரங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு படுத்தன, நகரத்துக்குள் வீதி வீதியாக நிழல் போனது. வெட்டி அப்புறப்படுத்தியதில் பெரும்பகுதி விறகுக்குப் போய்விட்டது. தூக்கக்கூடிய துண்டுகளைக் கொண்டுவந்து, வெட்டுமுகம் இரண்டிலும் மெழுகு பூசி அடுக்கினேன். முகத்தை அடைக்காவிட்டால் ஈரம் அவ்வழியே வேகமாக வெளியேறி மரம் வெடித்துவிடும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் என்று கணக்கு வைத்துக் காத்திருக்க வேண்டும். ரெசின் ஊற்றி, வெடிப்பில் நீல நிறம் நிரப்பிக் கடைவது இப்போது நாகரிகம். வெடிக்கவிடாமல் காயவைக்கும் பொறுமை அதைவிடப் பெரிய வித்தை என்று நான் நினைக்கிறேன். ரெசின் தூசி மூச்சுக்குள் போகாமல் முகமூடி போடச் சொன்னால் பையன்கள் கேட்பதும் இல்லை.

ஒரு ஹோட்டல் பாரில் மது கலக்கும் பாகூர்த் தம்பி ஒருவர் வந்திருந்தார். வேறெங்கோ வாங்கிய மட்லர் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தலையிலிருந்து அடிவரை மணியும் பள்ளமுமாக, படம் எடுப்பதற்கென்றே செய்ததுபோல் இருந்தது.

“நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா இங்க குத்துது” என்று உள்ளங்கை நடுவில் சிவந்திருந்த இடத்தைக் காட்டினார்.

காரணம் பார்த்ததுமே தெரிந்தது. மேல்முனையில் ஒரு கூர்மணி. நசுக்கும்போது பாரம் முழுவதும் உள்ளங்கையில் அந்தப் புள்ளியில் விழுகிறது. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வரும்போது அவர் விடிய விடிய அதைத்தான் அமுக்குகிறார். கையைக் காட்டச் சொன்னேன். விரல்கள் நீளம், உள்ளங்கை ஒடுக்கம். மேல்முனையை எலுமிச்சை அளவு உருட்டி, காம்பின் நடுவைக் கொஞ்சம் மெலித்து, ஐஸ் தண்ணீரில் வழுக்காமலிருக்க விரல் படும் இடத்தில் மூன்று மெல்லிய கோடுகள் மட்டும் இழுத்தேன். அலங்காரம் அவ்வளவுதான். பிறகு அதே பாரிலிருந்து இன்னும் சில மட்லர்கள் கேட்டார்கள். “எல்லாருக்கும் ஒரே சைஸ் போதும்” என்று சொன்ன மேலாளரிடம், வேலை செய்கிறவர்களை அனுப்பிவைக்கும்படி கேட்டேன். அனுப்பினார். மணிப்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அதில் இருந்தார். அவர் கைக்குச் செய்தது மற்றவற்றைவிடக் கொஞ்சம் ஒல்லி.

இப்படி ஆளுக்கு ஆள் கடைந்தால் கட்டுபடியாகுமா என்று சக தொழிலாளிகள் கேட்கிறார்கள். ஆயிரம் பிடிகளை அச்சுப்போல் இறக்கும் கணினி லேத் கோயம்புத்தூரிலும் உண்டு, சீனாவிலும் உண்டு. விலையில் அவற்றோடு போட்டி போட்டு நான் ஜெயிக்க முடியாது. அந்த இயந்திரத்துக்கு முன்னால் யாரும் கையை நீட்டிக் காட்டுவதில்லை என்பதுதான் எனக்கு மிச்சமிருக்கும் இடம். நினைவுப் பொருள் கடைக்காரர்களுக்கு வேண்டியது அலமாரியில் நிற்கும் அழகு, அவர்களுக்கும் செய்து தருகிறேன். ஆனால் அதிலும் விரல் படும் இடத்தில் கூர்மணி வைக்க மாட்டேன். வாங்குகிறவர் ஊருக்குப் போய் ஒருநாள் அதால் ஒரு புட்டியைத் திறக்கத்தான் போகிறார்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இடம் இல்லாததுதான் என் பெரிய கவலை. ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு என்றால் இரும்பு லேத். அதை முடித்த ஒரு பையன் இப்போது என்னிடம் இருக்கிறான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு அளக்கத் தெரிந்தவன். ஆரம்பத்தில் ஒவ்வொரு பிடியையும் காலிப்பரால் அளந்து, மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் ஒதுக்கிவைப்பான். மழைக்காலத்தில் காலையில் அளந்தது சாயங்காலம் அரை மில்லிமீட்டர் ஊதி நின்றபோது திகைத்துப் போனான். மரம் இரும்பில்லை, ஐப்பசி ஈரத்தைக் குடிக்கும் என்று சொன்னேன். அவனிடமிருந்து எனக்கும் கிடைத்தது உண்டு. பின்முனையில் பேரிங் வைத்த, மரத்தோடு சேர்ந்தே சுழலும் சென்டரை மாட்டியவன் அவன். அதற்குமுன் முனை உராய்ந்து மரம் கருகும், எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பேன்.

இந்த வாரம் ஒரு புதிய பீர்க்கடைக்குக் குழாய்ப் பிடிகள் வேண்டுமென்று ஆர்டர் வந்திருக்கிறது, பத்து அங்குல உயரம், மேலே அகலமான தலை. படம் அனுப்பியிருக்கிறார்கள். பையன் அதைப் பார்த்துவிட்டு, தலை கனமாக இருந்தால் நெம்புகோல் தானாகச் சாய்ந்து பீர் ஒழுகாதா என்றான். சரியான கேள்வி, அதை அவனே கேட்டான். தலையை உள்ளே குடைந்து எடையைக் குறைக்கலாமா, பூவரசுக்குப் பதில் நுணாவைப் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். குழாயில் நிற்கப்போகிறவர் உயரமா குள்ளமா என்று தெரியாமல் பிடியின் வளைவை முடிவு செய்ய முடியாது என்றேன். நாளைக் காலை கடை திறப்பதற்கு முன் அவனையே அனுப்புகிறேன், ஒரு சும்மாக் கட்டையை மாட்டி அங்கே நிற்பவர்களை இழுத்துப் பார்க்கச் சொல்லி.